காந்த மூடி போட்ட வெற்றிலைப் பெட்டி

அன்றைக்கு மூதூர் போகும் லோஞ்சுப் படகின் மேல் அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

தண்டையல். படகு அவருடைய சொல்லுக்குத்தான் ஓடும். பெயர் எழுதமாட்டேன். அவருக்குப் பிடிக்காது.

சிவம். தண்டையலின் தங்கை மகன். சுக்கான் பிடிக்கிறவன்.

ரீச்சர். மூதூரில் படிப்பிக்கிறவ. கீழே இருந்தால் தலை சுற்றிச் சத்தி வரும் என்று மேலே விட்டிருந்தார்கள்.

நான். வெற்றிலைப் பெட்டி செய்தவள்.

கீழே என்ஜின் கிடங்கில் நூர்தீன் நானா. அவர் மேலே வரமாட்டார். அவருடைய சத்தம் மட்டும் வரும்.

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அக்கா என்று கேட்டீர்கள். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. எட்டாம் வகுப்போடு சரி. நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் இப்போது காந்தத் தூள் கலந்த பிளாஸ்டிக் நூலை மெஷினுக்குள் விடுகிறீர்கள். அது உருக்கி, படை படையாக ஏற்றி, சாமானாகத் தருகிறது. பார்க்கப் பிளாஸ்டிக். பிடிக்கக் காந்தம். சண்டைக் காலத்தில் ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே எங்கள் பட்டறையில் அதைக் கையால் செய்தோம். பழுதான ரேடியோக்களின் ஸ்பீக்கர் காந்தத்தை இடித்துத் தூளாக்குவோம். உடைந்த பிளாஸ்டிக் பேசின்களை உருக்கி அதில் கலப்போம். முறுக்கு உரல் மாதிரி ஒரு குழாய் வைத்திருந்தோம். அதால் நூலாகப் பிழிந்து ஒரு படைக்கு மேல் இன்னொரு படை போடுவோம். ஆறிய பிறகு கம்பிச் சுருளுக்குள் வைத்து, லொறி பற்றரியால் கரண்ட் விட்டு ஒரு உதறல். அப்போதுதான் தூளுக்குப் பிடி வரும். உங்கள் மெஷின் நேராக ஏற்றுகிறது. எங்கள் படை கொஞ்சம் கோணல். மற்றப்படி வேலை ஒன்றுதான்.

அந்த நாளில் பெட்டி மூடிக்குப் போடும் பிணைச்சல், கொளுக்கி ஒன்றும் ஒழுங்காக வராது. வந்தாலும் உப்புக் காற்றில் ஒரு மாரி தாங்காது. அதனால்தான் பெட்டிகளுக்குக் காந்த மூடி போடத் தொடங்கினோம். துருப்பிடிக்காது. டக் என்று மூடும். தண்ணீர் போகாது. வெற்றிலை வாடாது, பீடியும் நெருப்புக் குச்சியும் காய்ந்தபடி இருக்கும். கடலுக்குப் போகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வந்து வாங்கினார்கள். முதலாளிக்குச் சந்தோசம். எனக்கும்தான்.

நான் லிங்கநகரில் ஒரு அறையில் இருந்து வேலைக்குப் போய்வந்தேன். வீடு வெருகல் பக்கம். மாதத்தில் ஒரு தரம் அம்மாவைப் பார்க்கப் போவேன். ரோட்டால் போக ஏலாத காலம். லோஞ்சில் மூதூர். பிறகு கிடைத்ததில் ஏற வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஏறினேன். கீழே இடமில்லை. தண்டையல் கண்டுவிட்டார்.

“பெட்டி செய்த பிள்ளை தானே? மேல வா. உன்ர பெட்டி எங்க இருக்கு எண்டு காட்டுறன்.”

மேல் அறைக்குப் போவதென்றால் ஒரு சட்டம் இருந்தது. வாசலில் ஒரு எனாமல் பேசின். கையில், தலையில், மடியில் உள்ள இரும்பு எல்லாம் அதற்குள் போட வேண்டும். சாவி, கத்தி, மணிக்கூடு, ஊசி. குடை உள்ளே வரக் கூடாது, அதற்குக் கம்பி இருக்கிறது. இரும்பு கிட்ட வந்தால் கொம்பாஸ் பொய் சொல்லும் என்பார். அவருடைய படகில் அமைச்சர் வந்தாலும் பேசினில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

நான் கொண்டை ஊசிகளைப் போட்டேன். குடையை வெளியே சாத்தினேன்.

“காப்பு?” என்றார்.

“அது பித்தளை அண்ணை. கொம்பாஸுக்கு ஒண்டும் செய்யாது.”

“செய்யாதுதான். ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பினம். கழட்டு.”

கழற்றினேன். ரீச்சர் உள்ளே கதிரையில் இருந்தா. அவவின் கம்பிச் சட்டக் கண்ணாடியைக் கூடத் தண்டையல் கழற்றி வாங்கி வைத்திருந்தார். அவ கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தா.

“எனக்கு இப்ப கடலும் தெரியேல்ல, உம்மையும் தெரியேல்ல, தண்டையல்.”

“நீங்கள் பாக்கத் தேவையில்ல ரீச்சர். பாக்கிறதுக்கு நான் இருக்கிறன்.”

பிறகு தன் பெட்டியைக் காட்டினார். கொம்பாஸ் ஒரு பலகைத் தட்டில் இருந்தது. அதற்கு நேர் கீழே இன்னொரு சின்னத் தட்டு. அதில் என் பெட்டி. பச்சை நிறம். கைக்கு எட்டிய இடம்.

ரீச்சர் கேட்டா. “எங்கட கண்ணாடி ஏலாது. உங்கட பெட்டி மட்டும் உள்ள இருக்கலாமோ?”

“அது பிளாஸ்டிக் ரீச்சர். பிளாஸ்டிக் என்ன செய்யும்? கேளுங்கோ, செய்த பிள்ளை நிக்குது.”

“ஓம், பிளாஸ்டிக்தான்,” என்றேன்.

பட்டறையில் அதற்குப் பெயர் பிளாஸ்டிக் பெட்டி. நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி, உள்ளே என்ன இடித்துப் போட்டோம் என்பது வாய்க்கு வரவில்லை.

வெளிக்கிடும்போது வெயில். வெயில் நாளில் தண்டையல் கொம்பாஸைப் பார்ப்பதே இல்லை. மலையைப் பார்ப்பார், கரையில் நிற்கும் மரத்தைப் பார்ப்பார். அதனால்தான் பெட்டி வாங்கிய நாள் தொடங்கி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. துறைமுக வாயைத் தாண்டிக் கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கினோம். வடகிழக்கில் இருந்து வாடை மழை வந்து மூடியது. மலை போனது. மரம் போனது. படகின் முன்பக்கமும் பாதி போனது.

“கொம்பாஸைப் பிடி,” என்றார் சிவத்திடம். “தெற்கில வை. அசையாதை.”

நேர் தெற்கே போனால் மூதூர். கிழக்கே தள்ளினால் தடை போட்ட கடல். அங்கே நேவியின் காவல் படகுகள் நிற்கும். தெரியாத படகு வந்தால் முதலில் சுட்டுவிட்டுப் பிறகுதான் கேட்பார்கள் என்று ஊரில் கதை. உண்மையா என்று போய்ப் பார்க்க ஒருவருக்கும் விருப்பமில்லை.

சிவம் தெற்கில் வைத்தான். கொஞ்ச நேரம் ஓடினோம். கீழே இருந்து நூர்தீன் நானாவின் சத்தம் வந்தது.

“மேல இருக்கிறவங்க நித்திரையா? மழை முன்னால இருந்து அடிக்குது. என்ஜின் குளிக்குது.”

“அதுக்கு நான் என்ன செய்ய? குடை பிடி,” என்றார் தண்டையல்.

“வாடையில மூதூருக்குப் போனா மழை முதுகிலதான் அடிக்கணும். முகத்தில அடிக்குது. எங்க போறோம்?”

“காத்துத் திரும்பியிருக்கு.”

“காத்துத் திரும்பினா அலையும் உடன திரும்புமா? அதுவும் முகத்தில அடிக்குது.”

“நீ என்ஜினைப் பார் நானா. கொம்பாஸ் தெற்கு எண்டு சொல்லுது.”

சிவம் மாமாவைப் பார்த்தான். அவன் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடி விழும் வயது தாண்டிவிட்டது, ஆனாலும் பழக்கம் போகவில்லை.

தண்டையலுக்கு உள்ளுக்குள் ஏதோ கடித்திருக்க வேண்டும். யோசிக்கும்போது அவருக்கு வெற்றிலை வேண்டும். பெட்டியை எடுத்து மடியில் வைத்தார்.

கொம்பாஸ் முள் சுழன்றது. ஒரு கால் சுற்று மாதிரிப் போய், ஆடி, வேறு இடத்தில் நின்றது. நாங்கள் போகும் பக்கம் தெற்கு இல்லை. கிழக்கு.

தண்டையல் பெட்டியைத் திரும்ப வைத்தார். முள் சுழன்று பழைய இடத்துக்கு வந்து தெற்கு என்றது. எடுத்தார். கிழக்கு. இன்னொரு தரம் வைக்கப் போனார்.

“காணும் மாமா, விடுங்கோ,” என்றான் சிவம்.

தண்டையல் என்னைப் பார்த்தார். “உள்ளுக்கு என்ன போட்டனீ?”

“காந்தம்.”

“பிளாஸ்டிக் எண்டாய்.”

“அதுவும்தான்.”

ரீச்சர் கண்ணைச் சுருக்கியபடி சொன்னா. “என்ர கண்ணாடியைத் தாறீரே? இனி நானும் பாக்கிறன்.”

பிள்ளைகளே, நான் இதை எழுதுவது அதற்கு அடுத்து நடந்ததற்காகத்தான்.

சிவம் சுக்கானை முழுக்க வலப்பக்கம் திருப்பப் போனான். நானும் அதைத்தான் செய்திருப்பேன். பிழை தெரிந்தால் உடனே திருப்பத்தானே மனம் சொல்லும். தண்டையல் அவன் கையைப் பிடித்தார்.

“எவ்வளவு தூரம் பிழையா வந்தனாங்கள் எண்டு தெரியுமே உனக்கு?”

“இல்ல.”

“தெரியாமத் திருப்பினா அது ரெண்டாவது பிழை. காவல்காரனுக்கு என்ன தெரியும்? மழைக்குள்ள ஒரு படகு வந்துது, தன்னைக் கண்ட உடன திரும்பி ஓடுது. அப்பிடித்தான் தெரியும்.” குனிந்து கத்தினார். “நானா, என்ஜினை நிப்பாட்டு.”

“நிப்பாட்டினா ஈரத்தில திரும்ப எடுக்காது.”

“எடுக்காட்டி உன்னை இறக்கித் தள்ள விடுவன். நிப்பாட்டு.”

என்ஜின் நின்றது. மழைச் சத்தம் மட்டும். அதற்குள் தூரத்தில் இன்னொரு என்ஜின். எங்களுடையது மாதிரித் தடதட என்று இல்லை. கனமான சத்தம். கிட்ட வருகிறது.

கீழே சனம் எழும்பிவிட்டது. ஒரு குழந்தை அழுதது. ஏன் நிற்கிறோம் என்று நாலு பக்கத்தாலும் கேட்டார்கள். தண்டையல் மேல் அறை வாசலில் நின்று எல்லோரையும் பார்த்தார். ரீச்சரின் குடையும் என் குடையும் காலடியில் கிடந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“குடை வச்சிருக்கிற எல்லாரும் வெளியில வந்து பிரியுங்கோ,” என்றார்.

“மழைக்குள்ள எங்களை நனையச் சொல்றீரோ?” என்று ஒரு மனுசி கேட்டது.

“குடைதானே பிடிக்கச் சொல்றன் அக்கா.”

“உள்ள கூரை இருக்கு.”

“கூரை அவனுக்குத் தெரியாது. குடை தெரியும். சண்டைக்குப் போறவன் குடை பிடிக்க மாட்டான். கெதியா வாங்கோ.”

வந்தார்கள். முதலில் ரீச்சர். பிறகு அந்த மனுசி. பிறகு எல்லோரும். கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, கம்பி முறிந்த குடை, பள்ளிக்கூடப் பிள்ளையின் மஞ்சள் குடை. குடை இல்லாதவர்கள் அடுத்தவரின் குடைக்குள். முன்பக்கம், பின்பக்கம், கூரையின் மேலும் கொஞ்சம். கலியாண வீட்டுக்கு மழைக்குள் போகிற சனம் மாதிரி. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் குடைகளைப் பார்த்தது. யாரோ நெருக்காதே என்று யாரையோ பேசினார்கள்.

காவல் படகு மழைக்குள்ளால் வந்தது. முன்னால் ஒரு பொடியன் துப்பாக்கியோடு படுத்திருந்தான். கிட்ட வந்து, தலையைத் தூக்கி, குடைகளைப் பார்த்தான். பின்னால் நின்ற பெரியவருக்கு ஏதோ சொன்னான். அவரும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

சிங்களத்தில் கேட்டார். தண்டையல் சிங்களத்தில் பதில் சொன்னார். பிறகு எங்களிடம் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கொம்பாஸைப் பலகையோடு தூக்கி வெளியே பிடித்து, பெட்டியை வைத்தும் எடுத்தும் காட்டினார். பெரியவர் இரண்டு தரம் செய்து காட்டச் சொன்னார். பிறகு தானும் ஒரு தரம் செய்து பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு வெற்றிலை எடுத்துக்கொண்டார். டக் என்று மூடியதைப் பார்த்து, நல்ல சாமான் என்றார். போகும்போது ஒன்று சொன்னார். தண்டையல் அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார்.

“என்ஜின் ஓடியிருந்தா வேற கதையாம்.”

காவல் படகில் இருந்தவர்கள் கையால் வழி காட்டினார்கள். மழை முதுகில் அடிக்க மூதூருக்குப் போனோம். நூர்தீன் நானா வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தார். அவர் பாட்டு நல்லாயிருக்காது. அன்றைக்கு ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இறங்கும்போது தண்டையல் பெட்டியை என் கையில் தந்தார். காசு கேட்கவில்லை. ஒரு கேள்வி மட்டும்.

“இது மாதிரி இன்னும் எத்தினை கடலில நிக்குது பிள்ளை?”

நான் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பும் லோஞ்சிலேயே ஏறினேன். கொம்பாஸ் வைத்திருக்கிற ஒவ்வொரு படகிலும் பெட்டியைக் கொம்பாஸுக்குப் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். வெயில் படாத இடம், நனையாத இடம் அது ஒன்றுதான். இன்னொரு மழை வந்தால் இன்னொரு படகு கிழக்கே போகும். அதில் குடை இருக்குமோ தெரியாது.

பட்டறையில் முதலாளி முழுக்கக் கேட்டார். தலையைச் சொறிந்தார்.

“வித்த சாமானைத் திருப்பிக் கேட்டா ஊர் என்ன கதைக்கும்? ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி விடுவமே. கொம்பாஸுக்குக் கிட்ட வைக்க வேணாம் எண்டு.”

“உப்புத் தண்ணியில எத்தினை நாள் ஒட்டியிருக்கும்?”

“அப்ப வாயால சொல்லுவம்.”

“வாயால சொன்னா ஓம் எண்டுவினம். பிறகு அங்கதான் வைப்பினம். வேற இடமில்ல.”

நல்ல மனுசன், ஆனால் பயந்தவர். “எல்லாத்தையும் எடுக்க ஏலுமோ?” என்றார்.

“ஏலாட்டியும் எடுக்க வேணும்.”

இருபத்தேழு பெட்டி விற்றிருந்தோம். யார் யாரிடம் என்பது தண்டையலுக்குத் தெரியும். துறைமுகத்தில் யார் என்ன மெல்லுகிறார் என்பது வரை அவருக்குத் தெரியும். மாற்றுக்குக் காந்தம் இல்லாத பெட்டி செய்தோம். மூடியைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கினோம். பார்க்க வடிவில்லை.

வீடு வீடாக, படகு படகாகப் போனோம். தண்டையல் தன் கொம்பாஸைச் சாரத்தில் சுற்றிக் குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருவரும் லேசில் தரவில்லை.

“நல்ல பெட்டியை எடுத்துக்கொண்டு ரப்பர் வளையம் தாறியளோ?” என்றார் ஒருவர்.

“என்ர மனுசி இதைக் கண்டா வீட்டுக்குள்ள விடமாட்டா,” என்றார் இன்னொருவர்.

தண்டையல் பதில் சொல்லமாட்டார். கொம்பாஸை நிலத்தில் வைப்பார். பெட்டியைக் கிட்டக் கொண்டுபோவார். முள் சுற்றும். சிரித்தவர் சிரிப்பை நிறுத்துவார். பெட்டி கைமாறும். நான் ஒரு சொல்லும் பேசத் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாமான் நல்லது. பிழை இல்லை. மூடி மூடச் சொன்னோம், மூடியது. எங்கே போய் இருக்கப் போகிறது, பக்கத்தில் என்ன இருக்கும் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. மெஷின் அதைக் கேட்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும். வாங்க வருகிறவருக்கு அலுப்பாக இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

கடைசியில் ஒரு பெட்டி மிஞ்சியது. கப்பல்துறைச் சின்னத்தம்பி அண்ணையுடையது. நாங்கள் போனபோது அவர் விடியவே கடலுக்குப் போய்விட்டிருந்தார். அவருடைய மனுசி மலரக்கா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தா.

“பெட்டியோ? அவர் அதை விட்டிட்டு ஒரு இடமும் போகார். என்னை விட்டிட்டுப் போவார்.”

அப்போதே மேகம் கறுத்திருந்தது. மத்தியானம் மழை பிடித்தது. அன்றைக்கு மாதிரியே, வாடை மழை. தண்டையலும் மலரக்காவும் நானும் கரைக்குப் போய் நின்றோம். மலரக்காவிடம் முழுதும் சொல்லவில்லை. ஆனால் தண்டையல் பேசாமல் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். அவ சிரிப்பை விட்டுவிட்டா. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து கரை ஏறின. சின்னத்தம்பியைக் கண்டீர்களா என்று கேட்டோம். காணவில்லை என்றார்கள்.

“அவருக்கு ஒண்டும் ஆகாதுதானே?” என்று மலரக்கா என்னைக் கேட்டா.

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையும் தெரியாது. அவவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

துப்பாக்கிச் சூடு கேட்குமோ என்று காது கடலிலேயே இருந்தது. நேரம் போனது. பொழுது படப் பார்க்கும்போது மழைக்குள்ளால் ஒரு வள்ளம் வந்தது. ஆறுதலாக, கடைக்குப் போய் வருகிற மாதிரி. சின்னத்தம்பி அண்ணை பாட்டுப் பாடிக்கொண்டு வலையை இழுத்து இறக்கினார்.

தண்டையல் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் போனார். “எப்பிடி வழி பிடிச்சனீ?”

“எப்பிடியோ? மூக்கால.”

“கொம்பாஸ் என்ன சொன்னது?”

“எந்தக் கொம்பாஸ்? அதை நான் வித்து மூண்டு மாசம். அந்தக் காசிலதானே இந்தப் பெட்டி வாங்கினனான்.”

தண்டையல் தண்ணீருக்குள் நின்றபடியே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. மலரக்கா சிரிக்கவில்லை. நேரே போய் மனுசனுக்கு முதுகில் ஒன்று வைத்தா. பிறகு அழுதா. பிறகு கொம்பாஸை விற்ற காசில் மிச்சம் எங்கே என்று கேட்டா.

நான் கையை நீட்டினேன்.

“பெட்டியைத் தாங்கோ அண்ணை.”

“கொம்பாஸே இல்லாதவனிட்ட ஏன் பிள்ளை பெட்டி பறிக்கிறாய்?”

“நாளைக்கு ஒண்டு வாங்குவியள்.”

“வாங்கமாட்டன்.”

“வாங்குவார்,” என்றா மலரக்கா. “நாளைக்கே வாங்குவார்.”

தந்தார். நனைந்த பெட்டி. உள்ளே பீடி காய்ந்தபடி இருந்தது. பீடியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தேன். பட்டறையில் முதலாளி விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு இருந்தார். மேசையில் எல்லாவற்றையும் அடுக்கினோம். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பிரித்துப் பிரித்து எண்ணினோம்.

இருபத்தேழு.